மார்கழிக்கு 29 நாள்

இந்த இதழுக்கு வேறொரு கட்டுரை தருவதாகச் சொல்லியிருந்தேன். கவிதையில் சொற்சிக்கனம் பற்றியது. நான்கு பக்கம் எழுதியும் விட்டேன். ஐந்தாவது தாள் அப்பாவின் சொட்டு மருந்து அட்டவணை ஆகிவிட்டது. முதல் வாரம் தினம் 6 வேளை, அடுத்த வாரம் 5, பிறகு 4, 3 என்று இறங்கி ஆறாவது வாரம் 1 வேளை. டாக்டர் சொல்லச் சொல்ல, கையில் அகப்பட்ட தாளில் குறித்துக்கொண்டேன். என் கட்டுரையில் அதைவிடச் சிக்கனமான பக்கம் எதுவும் இல்லை.

2023 மார்கழி 2ஆம் தேதி அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மார்கழியில் வேண்டாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். 34 வருஷம் விஞ்ஞான வாத்தியாராக இருந்தவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா போனபிறகு மாயவரத்தில் தனியாக இருப்பவர், அந்த மாதம் சென்னையில் எங்களோடு தங்கினார். நான் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு நாங்கள் இருவரும் ஒரு முழு மாதம் ஒரே வீட்டில் இருந்தது இதுதான் முதல் தடவை.

முதல் வேளை மருந்தை நான்தான் விடப்போனேன். கீழ் இமையை இழுத்துச் சொட்டை விட்டதும் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்து கன்னத்தில் வழிந்தது. மூன்று தடவை இப்படியே. இவருக்குப் பொறுமை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றிய என் பழைய அபிப்பிராயங்களில் அதுவும் ஒன்று. அடுத்த வேளை என் மனைவி விட்டாள். “மாமா, இப்ப விடுறேன்” என்றாள். அவ்வளவுதான். அவர் அசையவில்லை. எதிரில் வருவது சரியாகத் தெரியாத மனிதரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லாமல் விடுவதன் சிறப்பைப் பற்றித்தான் அந்த நான்கு பக்கமும் எழுதியிருந்தேன்.

புதுக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற கண்ணிலும் புரை. ஆகவே காலையில் பேப்பரை நான் வாசித்துக் காட்டவேண்டும். எனக்கு அவசியமில்லை என்று பட்டதையெல்லாம் விட்டுவிட்டு வாசித்தேன். நான்காம் நாள் கேட்டார்: “ஏன் தம்பி, நாலு நாளா ஊர்ல யாருமே சாவலையா?”

‘காலமானார்’ விளம்பரங்களைக் கண்ணை ஓட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளியிருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள், படித்தவர்கள், ஏன், அவரிடம் படித்தவர்களே இப்போது அங்கேதான் வருகிறார்கள். அவருக்குச் செய்தி அதுதான். நம் வட்டத்தில் எல்லோருமே தள்ளிப் பழகியவர்கள். பிறர் கவிதைகளை நானும் கொஞ்சமாகத் தள்ளியிருக்கவில்லை. தள்ளுவது தவறு என்று சொல்ல வரவில்லை. எதைத் தள்ளினாய் என்று கேட்கக்கூடியவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு தள்ளுவது வேறு காரியம்.

இரண்டாவது வாரம் அவர் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்ப்பார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடிக்கொள்வார். புதுக் கண்ணுக்குச் சுவர் வெள்ளை. பழைய கண்ணுக்குப் பழுப்பு. கண்ணின் வில்லை வருஷக்கணக்கில் மஞ்சளேறி வருவதை, இன்னொன்றோடு ஒப்பிட்டால் தவிர யாரும் அறிவதில்லை. ஒருநாள் அதே மாதிரி என்னையும் பார்த்தார். “ரொம்ப நரைச்சிட்டியே” என்றார்.

“எந்தக் கண்ணுக்கு?” என்றேன்.

“ரெண்டுக்கும்.”

எங்கள் பெண் எட்டாம் வகுப்பு. மார்கழியில் ஏன் குளிர்கிறது என்று தாத்தாவைக் கேட்டாள். ஒரு சொம்பையும் எலுமிச்சம்பழத்தையும் கொண்டுவரச் சொன்னார். பழத்தில் ஈர்க்குச்சி குத்தி, 23.5 டிகிரி என்று சொல்லிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். சொம்பு சூரியன். “பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது இந்த மார்கழியிலதான். ஜனவரி 3, 4 வாக்குல. 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஆனியில 15 கோடியே 21 லட்சம்.”

“அப்ப இப்பத்தானே தாத்தா சுடணும்?”

“கிட்ட இருந்தா மட்டும் போதுமா? நாம இருக்கிற பாதி இப்ப அந்தண்டை சாஞ்சிருக்கு, பாரு.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். கிட்டே இருக்கும்போது பூமி வேகமாக ஓடுகிறது. அதனால்தான் மார்கழி 29 நாளில் முடிந்துபோகிறது. தூரத்தில் இருக்கும் ஆனியில் மெதுவாகப் போகிறது. மாதம் 32 நாள்வரை இழுக்கும். “உங்க பாட்டி போன ஆனிக்கு 32 நாள்” என்றார், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

அந்த 32 நாளில் நான் ஊரில் இருந்தது 4 நாள். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். கட்டுரை நன்றாக இருந்தது என்றார்கள். அப்பா அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை, பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மருந்துப் புட்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

ஏதாவது பேசியிருக்கலாம். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போய் அவர் பக்கத்தில் நின்றேன். “அப்பா, இப்ப விடுறேன்” என்றுதான் வந்தது. எலுமிச்சம்பழத்தைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.

தை 3ஆம் தேதி ரயிலேற்றி விட்டோம். கட்டுரையை அடுத்த இதழுக்குத் தரப் பார்க்கிறேன். நான்கு பக்கத்தில் எவ்வளவு தேறும் என்று தெரியவில்லை. ஐந்தாவது தாளை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்து எடுத்துப் போய்விட்டார். மருந்து இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் பாக்கி இருந்தது.