பங்கானி ஆற்றங்கரையிலே

தன்சானியாவின் வடகரையிலே, கிளிமஞ்சாரோ, மேரு ஆகிய மலைகளின் நீரைச் சுமந்துவரும் பங்கானி ஆறு இந்து சமுத்திரத்தோடு கலக்கின்றது. அதன் முகத்திலே அதே பெயருடைய பழைய துறைமுக ஊர் ஒன்று அமைந்துள்ளது. தென்னைகள் சூழ்ந்த அக்கரையில் நின்று, எதிரே தோணிகள் ஆட்களை ஏற்றி இறக்குவதை நாம் பார்த்திருந்தபோது, இவ்வமைதியான ஊரா ஒரு பேரரசை எதிர்த்தது என்ற வியப்பே மேலோங்கியது.

1888ஆம் ஆண்டில் இக்கரையோரத்தை ஆளும் உரிமையைச் சன்சிபார் சுல்தானிடமிருந்து ஜேர்மனியக் கிழக்காபிரிக்கக் கொம்பனி ஒப்பந்தமூலம் பெற்றது. ஓகஸ்ட் மாதத்தில், பெருநாட் கூட்டம் நிறைந்திருந்த வேளையில், கொம்பனியின் கொடி பங்கானியில் ஏறியது. சுல்தானின் ஆளுநரைத் தேடிய ஜேர்மனியர் சப்பாத்துக் காலுடனும் நாய்களுடனும் பள்ளிவாசலுள் நுழைந்தனர் என ஊரார் முறையிட்டனர். சுங்கமும் நிலமும் அந்நியர் கைக்குப் போகுமென்ற அச்சமும் சேர்ந்தது; ஊர் கொதித்தெழுந்தது.

செப்ரெம்பரில் கொம்பனி உத்தியோகத்தரை மக்கள் சிறைவைத்தனர். சுல்தானின் படைத்தலைவரான மத்தியூஸ் என்னும் ஆங்கிலேயர் வந்து அவர்களை மீட்டனுப்பினார். ஆயினும் அவரையும் ஊரார் அங்கே தங்கவிடவில்லை. தம்மைக் கேளாது தம் கரையை ஒப்படைத்த சுல்தான்மீதும் அவர்கள் சினங்கொண்டிருந்தனர். சில வாரங்களுள் கொம்பனியிடம் எஞ்சியவை பாகமோயோவும் தார் எஸ் சலாமுமே.

தலைமை தாங்கியவர் அபுஷிரி பின் சலீம் என்னும் கரும்புத் தோட்டக்காரர். சதானியில் புவானா ஹேரி என்பவரும் போரிட்டார். அவர்களோடு சேர்ந்தவர்களோ பலதிறத்தினர்: சுவாகிலி நகரத்தார், உள்நாட்டுக் குடிகள், வணிகக் கூட்டங்களின் சுமையாட்கள். ஒவ்வொருவரும் தத்தம் காரணத்தோடு வந்தனர்.

ஆனால் ஜேர்மனியர் இதற்கு இட்ட பெயர் "அரபுக் கலகம்" என்பது. பெயரிலேதான் சூட்சுமம் இருந்தது. அரபு அடிமை வியாபாரிகளின் கலகமெனக் காட்டினால் அதை அடக்குவது அறமாகிவிடும் அன்றோ? அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கென்றே பிஸ்மார்க் 1889 ஜனவரியில் பாராளுமன்றத்திடம் இருபது இலட்சம் மார்க் பெற்றார். அபுஷிரி போன்றோரின் தோட்டங்களில் அடிமைகள் உழைத்தனர் என்பது உண்மையே. அதை நாம் மறைத்தலாகாது. எனினும் ஜேர்மனியரும் தம் ஆட்சி முடியும்வரை அடிமைமுறையை முற்றாக ஒழித்தாரல்லர். 1922இலேதான் பிரித்தானியர் அதைச் சட்டத்தால் நீக்கினர்.

அப்பணத்தைக் கொண்டு ஹேர்மன் விஸ்மன் எகிப்தில் சூடானிய வீரரையும், மொசாம்பிக்கிலிருந்து வேறுசிலரையும் திரட்டினார். ஆபிரிக்கரைக் கொண்டே ஆபிரிக்கர் அடக்கப்பட்டனர். 1889 டிசெம்பர் 15ஆந் திகதி அபுஷிரி இதே பங்கானியில் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டில் புவானா ஹேரியும் பணிந்தார். ஆயினும் கொம்பனி ஆட்சி பிழைக்கவில்லை. 1891 ஜனவரி முதல் நாளன்று ஜேர்மனிய அரசே நிருவாகத்தை ஏற்றது.

மாலையிலே தோணித்துறையை விட்டுத் திரும்புகையில் நம் மாணவர்களை நினைத்துக்கொண்டோம். சரித்திர நூலில் ஒரு கலகத்தின் பெயரைப் படிக்கும்போது, ஆண்டை மனனஞ் செய்வதற்கு முன் ஒன்றைக் கேட்கவேண்டும்: அப்பெயரை இட்டவர் யார்? எழுந்தவரா, அடக்கியவரா?