பெற்றோருடன் பறவை பார்க்க

பறவை பார்க்கப் புறப்படுகிறவன் இருள் பிரியுமுன் எழுவான், ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் வாய் திறவாது நிற்பான், பசியை மறப்பான். வயது முதிர்ந்த பெற்றோருக்கு இம்மூன்றும் ஆகா. விடுமுறைக்கு வரும் இளைஞர் சிலர் பெற்றோரை வண்டிக்குள் வெயிலில் இருத்திவிட்டு, தாம் மட்டும் தொலைநோக்கியுடன் நடந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். அதைவிட அவர்களை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.

நமக்கும் இப்பழக்கம் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழா கழிந்தபின் நம் பெற்றோர் ஆண்டுதோறும் ஒரு வாரம் முத்துப்பேட்டையில் நம்முடன் தங்குவர். தந்தையாருக்கு வயது 84, உழவர், பார்வை மங்கிவிட்டது. அன்னையாருக்கு முழங்கால் வலி. பறவை என்றால் இருவருக்கும் தனி ஆவல் எதுவும் இல்லை.

ஆகவே சென்ற ஆண்டு முதலில் அலையாத்திக் காட்டைத் தள்ளி வைத்தோம். ஜாம்புவானோடையில் படகேறிக் காயலுக்குச் செல்ல வேண்டும். வனத்துறை அனுமதியும் வேண்டும். நடுவழியில் இறங்க வேண்டுமென்றால் இறங்க இடமில்லை. அங்கே தனியே செல்வதே முறை.

கோடியக்கரைக்கு ஒரு நாள் ஒதுக்கினோம். 1967 முதல் சரணாலயமாக விளங்கும் அக்காட்டில் வெளிமான்களை வண்டியிலிருந்தே காணலாம். பூநாரைகள் உப்பளச் சதுப்பில் தொலைவிலேயே நிற்கும். தந்தையாருக்கு அவை எட்டா. எனவே வழியில் அகஸ்தியம்பள்ளியில், 1930-இல் இராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியதன் நினைவுத்தூணருகே அவரை இறக்கினோம். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. திரும்பும்போது வேளாங்கண்ணி. அதை விட்டால் அன்னையார் வண்டியே ஏறமாட்டார்.

உண்மையில் முதியோருக்கு ஏற்ற இடம், திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையில் உள்ள உதயமார்த்தாண்டபுரத்து ஏரிதான். மேட்டூர் நீரால் நிரம்பும் இவ்வேரி கோடையில் வற்றிவிடும். மார்கழி, தை மாதங்களே தக்க காலம். 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இதுவும் சேர்ந்தது. நாம் விடியலில் செல்வதில்லை. பகலுறக்கம் முடிந்து, மாலை நாலரைக்கு இரண்டு மடக்கு நாற்காலிகளும் காப்பியுமாகச் செல்கிறோம். மாலையில் பறவையைத் தேடி நாம் நடக்க வேண்டுவதில்லை. அடைவதற்கு அவையே வருகின்றன.

நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டங்கூட்டமாக வந்திறங்கின. அன்னையார் சிறிது நேரம் பார்த்தார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

"நம்ம வயல்ல இல்லாத கொக்கா, சாமி?" என்று கேட்டுவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தார்.

பிறகு உள்ளான் குருவியைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்காலத்தில் வலை வைத்துப் பிடித்துச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பார்களாம். மிளகு தட்டிப்போட்டு வறுக்கும் பக்குவத்தை அன்னையார் விரிவாகக் கூறினார். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தை நினைவூட்டினோம். "தெரியும் சாமி, ருசியைத்தானே சொன்னேன்" என்றார்.

இருட்டத் தொடங்கியது. தலைக்குமேல் 'குவாக்' என்றொரு குரல். அதுவரை பேசாதிருந்த தந்தையார் நிமிர்ந்து, "வக்கா மேய்ச்சலுக்குக் கிளம்பிட்டுது" என்றார். நாமோ தொலைநோக்கியில் அதை இன்னும் தேடிக்கொண்டிருந்தோம்.

இராக்காலங்களில் மடை காவலுக்குப் படுத்திருந்தபோது அக்குரல்தான் துணையாம். நீர் பங்கிடுவதில் தமையனாருடன் வந்த பிணக்கையும், மூன்றாண்டுகள் இருவரும் பேசாதிருந்ததையும், ஓர் இரவு அதே மடையில் அவர் தாமாக வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டதையும் சொன்னார். பெரியப்பா இறந்து முப்பதாண்டுகள் ஆகின்றன. நம் வீட்டில் இப்பேச்சை நாம் கேட்டதே இல்லை. அன்னையாரும் செபமாலையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் இருட்டியபின் அவர்களை நடத்துவது நன்றன்று. எனவே ஆறரைக்கு எழுப்பினோம். நாளையும் இங்கேயே வரலாம் என்றார் தந்தையார். மறுநாள் வேளாங்கண்ணி என்று அன்னையார் நினைவூட்டினார். இவ்வாண்டு ஏரிக்கு இரண்டு மாலைகள் ஒதுக்கியிருக்கிறோம்.