சத்தமும் சூடும்

சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி கைக்கு வந்ததும் மளிகைக் கடைக்குப் போகிறவர்கள் பாதி என்றால், வாரம் முழுக்க முனகிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் மீதி. அவிநாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், டீக்கடைக்கு நேர் எதிரே அப்படி ஒரு பட்டறை. தகரக் கூரை. எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை. சுவரில் ஆணியடித்து அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். எடுத்தவர் அதே ஆணியில் திருப்பி மாட்டாவிட்டால் வசவு விழும். பெயர்ப் பலகையை வெயில் பாதி தின்றுவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பட்டறை முழுவதும் தெரிகிறது.

மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், மீசை முளைக்காத பையனுக்கும். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. நட்டு சிறிதாக இருந்தால் மட்டும் அது மூக்கில் ஏறும். எந்த வண்டி வந்தாலும் எடுத்த எடுப்பில் கை வைப்பதில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

ஓர் ஏரோக்ஸ் ஸ்கூட்டர் வந்தபோது தலை சாய்க்க அவசியமே இருக்கவில்லை. சந்து முனையில் திரும்புவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. வேப்ப மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திருப்பாமலே "வந்துட்டான்" என்றார்.

இருபத்திரண்டு வயசுப் பையன். ஒழுங்காகச் செதுக்கிய தாடி. ஆக்சிலரேட்டரை ஒரு முறை முறுக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினான். ஆனால் வந்தது சத்தத்தைப் பற்றிப் பேச அல்ல.

"ணா, மீட்டர்ல சூடு லைட்டு எரியுதுங்ணா. ரெண்டு நாளா."

"ரெண்டு நாளா எரியுதா, ரெண்டு நாளாத்தான் பாத்தியா?"

பையன் சிரித்தான். "தண்ணி ஊத்துனேனுங்ணா. அன்னைக்குப் பூராம் நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன தண்ணி?"

"வீட்டு போர் தண்ணிதானுங்."

அண்ணன் திட்டவில்லை. உச்சுக்கொட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது. பையன் பக்கவாட்டுக் கவரைத் தட்டி, "மூடியத் தொறந்து காட்டட்டுங்களா?" என்று குனிய, அவர் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துரும் தம்பி. பெறவு உன்னய ஆஸ்பத்திரிக்கு நாந்தான் தூக்கீட்டு ஓடோணும். போய் டீ குடிச்சுப்போட்டு வா. வண்டி நல்லா ஆறோணும்."

இந்த ஒரு விஷயத்தில் அவர் காட்டிய வேகத்தை அன்று வேறெதிலும் நான் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் வால்வு. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அந்த அளவை இன்னும் மேலே தள்ளுகிறது. சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டு, அதுவரை அடங்கியிருந்த திரவம் கொதித்து ஆவியும் நீருமாக முகத்தில் அடிக்கும்.

ஏரோக்ஸ் ஆறட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அது ஒரு பழைய ஸ்கூட்டர், காற்றால் குளிர்கிற சாதாரண ரகம். செக்கிங் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். துப்பட்டாவில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுங்ணா. அனல் வேற. சீட்டுக்கடியில வெக்கிற சோத்துப் போசி சுடாமலே சுட்டுப்போகுது."

"பழசா வாங்குனதா அம்மிணி?"

"ஆமாங்."

பின்பக்கக் கவர்களைக் கழற்றினார். உதவிக்கு நிற்கும் இளைஞனைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். நானும் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தேன். சிலிண்டரை மூடியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவசத்தில் ஒரு பாதியைக் காணோம். முன்பு எப்போதோ யாரோ கழற்றியிருக்கிறார்கள். திருப்பி மாட்ட ஸ்குரூ கிடைக்கவில்லையோ, பொறுமை இல்லையோ, அப்படியே விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த பாதிக்குள் குளவி ஒன்று மண்ணால் வீடு கட்டியிருந்தது. குளிர்விக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் சேர்ந்து அடைத்திருந்தன.

மோட்டார் சைக்கிளுக்கு என்ஜின் வெளியே தெரிகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கும். ஸ்கூட்டரின் என்ஜின் உடம்புக்குள் ஒளிந்திருப்பது. எதிர்க்காற்று அதைத் தொடாது. அதனால்தான் கிராங்க் தண்டின் முனையில் ஒரு விசிறியை வைத்து, அது தள்ளும் காற்று வேறெங்கும் சிதறாமல் சிலிண்டரைச் சுற்றிப் போகும்படி பிளாஸ்டிக்கில் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போதும் விசிறி சுற்றும். ஆனால் கவசம் இல்லாவிட்டால் விசிறி சுற்றுவதில் பிரயோசனமில்லை. காற்று போகிற வழியில் போய்விடும், சிலிண்டர் தனியாக வெந்துகொண்டிருக்கும். சூடு ஏற ஏற எண்ணெய் இளகி, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய படலம் மெலிந்து, வண்டி மேட்டில் முக்க ஆரம்பிக்கும். அந்தப் பெண்ணுக்கு இதை அண்ணன் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். "காத்து வருது அம்மிணி. வழி மாறிப் போகுது."

குளவிக் கூட்டை ஸ்குரூ டிரைவரால் பெயர்த்தார். தகடுகளை டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவச் சொன்னார். பரணில் கிடந்த பழைய சாமான் பெட்டியைக் கொட்டி, கிண்டி, அதே வண்டியின் கவசம் ஒன்றைத் தேடி எடுத்தார். ஸ்குரூ எல்லாம் போட்டு முடுக்கினார். அதற்கு அவர் வாங்கிய காசு, சந்துக் கடையில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் செலவைவிடக் குறைவு. அந்தப் பெண் பேரம் பேசவில்லை.

இதற்குள் ஏரோக்ஸ் ஆறியிருந்தது. இந்தியாவில் 2021இல் வந்த இந்த 155 சிசி ஸ்கூட்டர் நீரால் குளிர்கிற வகை. ரேடியேட்டர் முன்னால் இல்லை. என்ஜினின் வலப்பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் சல்லடைக்குப் பின்னால், சக்கரம் வாரியடிக்கும் தூசிக்கும் சேற்றுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சல்லடையைக் கழற்றியதும் அண்ணன் எதுவும் பேசாமல் நகர்ந்து பையனுக்கு இடம் விட்டார். ரேடியேட்டரின் முகம் தெரியவில்லை. பனியன் ஊரின் காற்றில் மிதக்கிற பஞ்சு முழுவதையும் விசிறி உள்ளே இழுத்து அதன் மேல் அப்பியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தார். கம்பளித் துண்டு போல ஒரே விரிப்பாக உரிந்து வந்தது.

"கம்பெனில தெனமும் மெஷினுக்குக் காத்தடிச்சுப் பஞ்சு எடுக்கறீங்கல்ல?"

"எடுக்கறமுங்."

"இதுக்கும் அதேதான்."

கூலன்டை வடித்தார். கடையில் வாங்கும்போது பச்சையாகவோ நீலமாகவோ சிவப்பாகவோ பளிச்சென்று இருக்கும் திரவம் அது. இங்கே வந்தது செங்காவிக் கலங்கல். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து ஓட்டத்தைக் குறைக்கும், அலுமினியத்தை அரிக்கும். வடித்ததைத் தரையில் விடாமல் கேனில் பிடித்து மூடி வைத்தார். அப்போதும் கிட்டே வந்து முகர்ந்த நாயை விரட்டினார். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கிய நாய் பிழைப்பது அரிது. இதை அவர் எங்கே கற்றார் என்று தெரியாது. தெரிந்து வைத்திருக்கிறார்.

ரேடியேட்டரைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினார். வாட்டர் வாஷ் குழாயை எடுக்கப் போன உதவியாளுக்கு ஒரு அதட்டல் விழுந்தது. அந்த வேகத்தில் தகடெல்லாம் மடங்கிப் படுத்துவிடும். ஏற்கெனவே மடங்கியிருந்தவற்றை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிளேடு முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

பையனுக்கு அலுத்துவிட்டது. பேச்சைச் சைலன்சர் பக்கம் திருப்பினான்.

"எட்டாயிரத்து ஐந்நூறுங்ணா. பெண்ட் பைப்போட முழு செட்டு. போட்டதுக்கப்புறம் பிக்கப் ஏறிருச்சுங்ணா."

"சத்தம் ஏறியிருக்குது."

அண்ணன் குனிந்து பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். கரி பிடித்திருந்தது. பழைய பேக்கிங்கையே வைத்து முடுக்கியிருக்கிறார்கள், புகை கசிகிறது. ஆக்சிலரேட்டரை விடும்போது 'படபட'வென்று வெடிக்கிற சத்தத்தைப் பையன் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதில் பாதி இந்த ஓட்டையின் வேலை. கசிகிற இடத்தில் வெளிக்காற்றும் உள்ளே புகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்ல, கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும். மைலேஜ் குறைகிற வழி அது.

சைலன்சரை மாற்றினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததல்ல. டூ ஸ்ட்ரோக் காலத்தில் அது உண்மை. அதில் சைலன்சரும் என்ஜினின் ஓர் உறுப்பு: வெளியேறும் அழுத்த அலை கூம்புக் குழாயின் கடைக்கோடியில் மோதித் திரும்பி, தப்பியோடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த வித்தையைச் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, அந்த ரகசியத்தோடு சுசுகிக்குப் போனார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. நம் ஊரில் 1985 முதல் 1996 வரை விற்ற டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100இன் சத்தத்தில் வளர்ந்தவர்கள் அந்த நம்பிக்கையைத் தம்பிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் வால்வும் பெட்ரோல் அளவும் பெல்ட்டும் கம்பெனி சைலன்சருக்கு ஒத்துப்போகும்படி அமைத்தவை. குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது சொற்பம். சில வண்டிகளில் தொடக்க இழுவை குறைந்தும் போகும். காதுக்குத்தான் வேகம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 80 முதல் 175 சிசி வரையிலான இருசக்கர வண்டிக்கு, தயாரிப்பு நிலையில், ஒலி வரம்பு 77 டெசிபல். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை விதியை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்ததற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தனி. பையனுக்கு இது தெரியாமல் இல்லை. மாட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவன் கணக்கு.

"கம்பெனி சைலன்சர் வீட்ல இருக்குதா?" என்றார் அண்ணன்.

"வித்துட்டேனுங்ணா. நல்ல ரேட்டுக்குக் கேட்டாங்."

கேட்கத்தான் கேட்பார்கள். கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும், புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கிறது. பழைய இரும்புக்காரருக்கு அதன் மதிப்புத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியாது.

"டிபி கில்லர் எங்கீது?"

"டிக்கியில."

சத்தத்தைக் குறைக்கச் சைலன்சரின் வாயில் செருகும் துண்டு அது. அண்ணன் மேலே கேட்கவில்லை. புதுப் பேக்கிங் வைத்துப் பெண்ட் பைப்பை முடுக்கினார். கூலன்டை ஊற்றி, மூடி திறந்தபடியே வண்டியை ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும் வரை காத்திருந்து, குறைந்ததை நிரப்பி மூடினார். உள்ளே காற்று சிக்கினால் எவ்வளவு கூலன்ட் இருந்தும் சூடு ஏறும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற கட்டம் இதுதான். அதுவரை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். வெகு நேரம். டீக்கடையில் இரண்டு பேர் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்கள்.

கணக்குச் சொன்னபோது பையன் நின்றான். "கூலன்டுக்கு முந்நூத்தி அம்பதாங்ணா? கொஞ்சம் பாத்துப் போடுங்."

எட்டாயிரத்து ஐந்நூறை எங்கேயோ பேரம் பேசாமல் கொடுத்தவன். அண்ணன் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். டிபி கில்லர் டிக்கியிலேயே இருந்தது. வண்டி சந்தைத் தாண்டி அவிநாசி சாலையில் ஏறும் வரை எல்லோருக்கும் கேட்டது.

காற்றால் குளிரும் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸில் வண்டியை எடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: ஃபேன் கவரும் சிலிண்டர் கவசமும் முழுசாக மாட்டியாயிற்றா, எல்லா ஸ்குரூவும் இருக்கிறதா? நீரால் குளிரும் வண்டி என்றால், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்டின் உபரித் தொட்டியைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இராதீர்கள். எங்கோ ஒழுகுகிறது என்று பொருள், பட்டறையில் காட்டுங்கள். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.