பாவசங்கீர்த்தனமும் பத்தாயிரம் மார்க்கும்

கனகாலமாக எழுத நினைத்து, தொடங்கித் தொடங்கி அழித்துவிட்ட விடயம் இது. ஊர் நினைவுகள், அகதி முகாம் கதைகள் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அவை எல்லாவற்றிலும் நான் பாவம், பிழை மற்றவர்களுடையது. இது அப்படியான கதை இல்லை. இதில் பிழை முழுக்க என்னுடையது.

நான் பாசையூர். அந்தோனியார் கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. அப்பாவுக்குக் கடற்தொழில். ஞாயிறு பூசையும் ஞானோபதேச வகுப்பும் தப்ப முடியாதவை. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று பாடமாக்கினோம். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்யேன் என்று உறுதி எடுப்பது, சுவாமியிடம் சொல்வது, அவர் தரும் அபராதத்தைத் தீர்ப்பது. மனஸ்தாபத்திலும் இரண்டு வகை. நரகத்துக்குப் பயந்து வருவது அடிமை மனஸ்தாபம். அன்பான கடவுளை நோகப்பண்ணிவிட்டேனே என்று வருவது உத்தம மனஸ்தாபம். அந்த வயதில் எங்களுடைய பெரிய பாவம் பக்கத்து வளவு மாங்காய்தான். அபராதம் மூன்று அருள் நிறை மந்திரம். ஓட்டமாய்ச் சொல்லி முடித்துவிட்டுப் பந்தடிக்கப் போய்விடுவோம். மாங்காய்க்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

1985இல் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழியால்தான் நானும் ஜேர்மனிக்கு வந்தேன். கிழக்கு பேர்லினில் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் நுழைவது. அதே விமானத்தில் வந்த ஒருவன் எனக்குச் சிநேகிதன் ஆனான். ஊரில் ஒருவரை ஒருவர் முகம் மட்டும்தான் தெரியும். முகாமில் ஒரே அறை. முதல் குளிருக்கு என்னிடம் ஜக்கற் இல்லை. அவனிடம் ஒன்றுதான் இருந்தது. வெளியே போகிறவன் போட்டுக்கொண்டு போவது என்று ஏற்பாடு. அவனைத்தான் நான் ஏமாற்றினேன்.

பிறகு இரண்டு பேருக்கும் விசா கிடைத்தது. வெவ்வேறு நகரங்களில் ரெஸ்ரோறண்டுகளில் கோப்பை கழுவினோம். 1993 ஆனியில் நான் ஒரு சீட்டுத் தொடங்கினேன். 20 பேர், மாதம் 500 மார்க், முழுச்சீட்டு 10,000 மார்க். கழிவு கேட்டு எடுக்கிற சீட்டு. அவசரமில்லாதவன் கடைசிவரை காத்திருந்தால் அவனுக்குத்தான் இலாபம். ஆட்கள் பல ஊர்களில் இருந்ததால் ஏலமெல்லாம் டெலிபோனில்தான். யார் எடுத்தார்கள் என்பதை நான் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் எனக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் சூதாட்ட மெசின்கள் உள்ள ஒரு மண்டபம். முதலில் ஐந்து மார்க், பிறகு ஐம்பது, பிறகு சம்பளம். சம்பளம் போன பிறகு சீட்டுக்காசு. "கடைசியாய் எடுக்கிறம்" என்று சொன்ன நாலு பேருடைய பெயரில், அவர்களுக்குத் தெரியாமல், நானே கழிவு கேட்டு எடுத்தேன். அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். கள்ளன் எல்லாரும் அப்படித்தான் நினைப்பான் போலும்.

அந்த நாலு பேரில் ஒருவன் என் சிநேகிதன். அவன் சீட்டுக் கட்டியது தங்கச்சியின் கலியாணத்துக்கு. மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். 1995 தையில் ஊரில் போர்நிறுத்தம் வந்தது. சீட்டு முடிவதும் அதே மாதம். சீதனக்காசு போய்ச் சேர்ந்தால் உடனே கலியாணம். அவன் டெலிபோன் எடுத்து, "மச்சான், எப்ப வந்து காசை எடுக்க?" என்று கேட்டான். வாற சனிக்கிழமை வா என்றேன். வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பெட்டியோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் பங்குனிவரை பொறுத்திருந்தார்களாம். பிறகு வேறு இடம் பார்த்தார்கள். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஐப்பசி கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அந்தப் பிள்ளைக்குப் பிறகு கலியாணம் நடக்கவேயில்லை. இதெல்லாம் வேறு ஆட்கள் மூலம் எனக்குக் காதில் விழுந்தது. நான் எனக்குள் சொல்லிக்கொண்டது இதுதான்: சண்டையாலைதானே எல்லாம் குழம்பினது, நான் காசு குடுத்திருந்தாலும் ஆமிக்காரன் வந்திருப்பான்தானே. கேட்டவர்களிடம், சீட்டு எடுத்த ஆட்கள் கட்டாமல் ஓடிவிட்டார்கள் என்றேன். பதினாலு வருடம் என் களவை நாட்டுப் பிரச்சினைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

சூதாட்டத்தை விட்டேன். கலியாணம் கட்டினேன். பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போனேன், ஆனால் நன்மை எடுப்பதில்லை. மனைவி கேட்டால், "பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை" என்று சொல்லிச் சமாளிப்பேன்.

ஜேர்மனியில் இருக்கும் தமிழர்கள் ஆவணி மாதத்தில் கெவெலார் மாதாவிடம் கூடுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நெதர்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கும் சின்னப் பட்டணம், 1642 முதல் யாத்திரைத் தலம். எங்களுக்கு அதுதான் இங்கத்தைய மடு. சைவ ஆட்களும் வருவார்கள். 2009 ஆவணியில் நாங்களும் போனோம். முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று மாதம். அந்த வருடம் யாரும் வழமைபோலக் கலகலப்பாக இருக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, கையில் ஒரு பெடியனின் படம். சத்தம் போட்டு அழவில்லை. ஒரு திரி அணைய அணைய இன்னொன்றைக் கொளுத்திக்கொண்டே நின்றார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவருடைய இழப்புக்கு அவர் காரணமில்லை. நானோ என் கையாலேயே ஒரு வீட்டைக் கெடுத்துவிட்டு, இந்த அம்மாவைப் போன்றவர்களின் துக்கத்தை எனக்குச் சாட்டாக வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக வெட்கம் வந்தது. பயம் இல்லை, வெட்கம்.

ஊரிலிருந்து வந்திருந்த வயதான சுவாமி ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று, முழந்தாளில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"காசைத் திருப்பிக் குடுத்திட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லை சுவாமி."

"குடுக்க வழி இருக்கோ?"

"உழைச்சால் குடுக்கலாம்."

"அப்ப உழையும். கடவுள் உம்மை இப்பவே மன்னிக்கிறார், அதிலை சந்தேகப்படாதையும். ஆனா நீர் கடவுளிட்டைக் காசு வாங்கேல்லை. வாங்கின ஆக்களிட்டைப் போம்."

பாவமன்னிப்புத் தந்தார். அபராதம் செபமாலை ஒன்று. அதை அன்றைக்கே சொல்லி முடித்தேன். அவர் சொன்ன மற்றக் காரியத்துக்கு ஏழு வருடத்துக்கு மேல் எடுத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்கோ நன்மை எடுக்காமல் இருந்தனீங்கள்? நான் வேறை என்னவோ எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். பிறகு கணக்குப் பார்த்தோம். ஒருவருக்கு 10,000 மார்க், யூரோவில் 5,113. நாலு பேருக்கும் இருபதாயிரத்துக்கு மேல். சக்கேயு நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றவர். மோசேயின் சட்டம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூடக் கேட்டது. எனக்கு முதலுக்கே மூச்சு வாங்கியது. இரவில் அலுவலகம் துப்புரவு செய்யும் வேலை ஒன்று எடுத்தேன். 2010 தையில் இருந்து ஆளுக்கு மாதம் 60 யூரோ. நாலு பேரில் ஒருவர் லண்டனில் இறந்துவிட்டார், அவருடைய மனைவிக்கு அனுப்பினேன். கனடாவில் இருந்தவர் பாதியிலேயே, "காணும் தம்பி, விடும்" என்றார். நான் விடவில்லை.

சிநேகிதனுக்கு முதல் அறுபது யூரோவை நேரில் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலை நரைத்திருந்தது. உள்ளே விட்டான். நான் கதைத்து முடியும்வரை குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னான்: "காசை வை. மிச்சத்தை பாங்கிலை போடு. மன்னிப்பு என்னட்டை இல்லை. அது தங்கச்சியின்ரை சாமான்."

திரும்பி வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறேன், இவன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? றெயினில் இருக்கும்போதுதான் உறைத்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அறுபது யூரோவுக்கு மன்னிப்பு வாங்கப் போயிருக்கிறேன்.

யூதாசும் காசைத் திருப்பிக் கொடுத்தவன்தான். முப்பது வெள்ளிக் காசையும் கொண்டுபோய், நான் பாவம் செய்தேன் என்று வாயால் சொன்னவன். ஞானோபதேசக் கணக்குப்படி பார்த்தால் இராயப்பரைவிட அவன் கூடச் செய்திருக்கிறான். இராயப்பர் அழுதார், அவ்வளவுதான். ஆனால் யூதாஸ் தனியே போய்த் தன் கதையைத் தானே முடித்தான். இராயப்பர் வெட்கத்தோடு மற்றச் சீடர்களுக்குள்ளேயே கிடந்தார். யோவானின் சுவிசேஷத்தில் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மீன் சுட்டுக் காத்திருந்ததும் கரிநெருப்பில்தான். மறுதலித்தது மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டதும் மூன்று முறை. மூன்றாம் தரம் இராயப்பருக்கு மனம் நொந்தது. ஆண்டவர் அந்த நோவைத் தவிர்க்கவில்லை. தொழில்காரன் வீட்டுப் பிள்ளை நான், விடியப்புறம் கரையில் மீன் சுடும் மணம் எனக்குத் தெரியும். பசியோடும் வெட்கத்தோடும் அந்த நெருப்புக்குக் கிட்டப் போய் இருப்பது லேசான காரியமில்லை.

86ஆவது மாதம், 2017 மாசியில், கடைசி 13 யூரோவை அனுப்பினேன். இரண்டு நாளில் டெலிபோன் வந்தது. "முடிஞ்சுது" என்றான். ஏழு வருடத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை. பிறகு, "தங்கச்சி ஊரிலைதான் இருக்கிறாள்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த ஆனியில் அந்தோனியார் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். அவள் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினாள். நான் சொன்னதைக் கேட்டாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"அண்ணை, காசு வந்தது. கலியாணம் வராது" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "ஒவ்வொரு நாளும் பரலோக மந்திரம் சொல்லேக்கை, மற்றவையை மன்னிக்கிற அந்த இடம் வந்தா என்ரை வாய் நிண்டிடும். இருபத்திரண்டு வருசமா அந்த இடத்தை விட்டிட்டுத்தான் சொல்லுறன். அந்தக் குற்றத்தையும் நீங்கள்தான் எனக்குத் தந்தனீங்கள். இப்ப வந்திட்டியள். இனிப் பாப்பம். தேத்தண்ணியைக் குடியுங்கோ."

என் களவு அவளுடைய செபத்துக்குள்ளும் புகுந்திருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அன்று பின்னேரப் பூசையில் பரலோக மந்திரம் வந்தபோது, என்னாலும் அந்த இடத்தைச் சொல்ல முடியவில்லை.

கெவெலாரில் கடவுள் என்னை மன்னித்தார் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் முதல் அறுபது யூரோவைக்கூட அனுப்பியிருக்க மாட்டேன், யூதாசின் வழியில்தான் போயிருப்பேன். ஆனால் அந்த மன்னிப்பைக் காட்டி மனிதர்களிடம் மன்னிப்பைக் கோர முடியாது. அவர்கள் தந்தால் அது கொடை. தராவிட்டால் அது அவர்கள் உரிமை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று உள்ளே கிடந்தால், முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுபது யூரோவில் தொடங்குங்கள். நேரில் போங்கள்.

அவள் இப்போது அந்த இடத்தைச் சொல்கிறாளா தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை.