இன்னும் ஒரு ரவுண்டு



வரும் ஜூன் மாதம் திண்ணை டியூஷன் உண்டா, பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பத்துப் பதினைந்து பேராவது கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒரு பழைய கதை.

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். எனக்கு அப்போது 24 வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது. செங்கல்பட்டில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போனேன். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். ஜிம்மி எல்லிஸ் என்ற முன்னாள் சாம்பியனோடு அலி காட்சிப் போட்டி ஆடினார். நான் இருந்த இடத்திலிருந்து மேடை தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது. இருந்தும் கத்திக் கத்தி, மறுநாள் வகுப்பில் தொண்டை கட்டிப்போய் முழுப் பாடத்தையும் கரும்பலகையிலேயே எழுதிக் காட்டினேன்.

பக்கத்தில் ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பரம்பரைகளுக்கு இடையே நடந்த குத்துச்சண்டைகளைப் பார்த்தே வளர்ந்தவர். அவர் கத்தவில்லை. அலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் கனத்துப்போச்சு தம்பி. இதோட வுட்டுட்டா நல்லது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

உண்மையில் அன்றைக்கு அலி ஓய்வு பெற்றவர். 1964, 1974, 1978 என்று மூன்று முறை ஹெவிவெயிட் பட்டம் வென்று, 1979-இல் விலகிவிட்டார். நம் ஊரில் நாம் பார்த்தது, எல்லாம் முடித்துவிட்டு நிம்மதியாக வந்த அலியை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, 38 வயதில், லாஸ் வேகாஸில் மறுபடி மேடை ஏறினார். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியோடு பயிற்சிக்குக் குத்துப் பழகியவர். பத்து ரவுண்டு அடி வாங்கினார் அலி. ஜெயித்த ஹோம்ஸே பிறகு அழுதார்.

அதோடும் நிற்கவில்லை. 1981 டிசம்பர் 11-இல் பஹாமாஸ் தீவில் ட்ரெவர் பெர்பிக்கோடு கடைசிச் சண்டை. சரியான மணிகூட இல்லாமல், மாட்டு மணியை அடித்து ரவுண்டு தொடங்கினார்களாம். அதிலும் தோல்வி.

கணக்கு வாத்தியார் புத்தி, கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மொத்தம் 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் மூன்று, கடைசி நான்கு சண்டைகளில் வந்தவை. இதனால் அவர் பெயர் கெட்டதா? இல்லை. ராக்கி மார்சியானோ 49 சண்டையும் வென்று, 1956-இல் தோல்வியே காணாமல் விலகினார். ஆனாலும் குத்துச்சண்டை என்றதும் உலகம் சொல்லும் பெயர் அலிதான். பெர்பிக் ஜெயித்ததை நாம் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பெயர் பிழைத்துக்கொண்டது. விலை கொடுத்தது உடம்பு. 1984-இல், 42 வயதில், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். அந்தக் கடைசிச் சண்டைகள்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அடிகள் வேண்டாதவை என்று சொல்ல டாக்டர் தேவையில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியதை டி.வி.யில் பார்த்தபோது, ராயபுரத்துப் பெரியவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது என் கதை.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு. x² − 5x − 6 = 0. பலகையில் −2, −3 என்று பிரித்து, விடை 2, 3 என்று எழுதிவிட்டேன். ஒரு பெண் எழுந்து, "சார், பெருக்கினா பிளஸ் ஆறு வருதே" என்றாள். என் தப்பைக் கண்டுபிடித்தால் ஒரு பேனா பரிசு என்பது என் வழக்கம். உங்களில் பலரிடம் அந்தப் பேனா இருக்கும். ஆனால் அன்றைக்கு நான், "உட்காரும்மா, எனக்குத் தெரியாதா?" என்று அதட்டினேன். அவள் கண் கலங்கி உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை.

தப்பு எல்லோருக்கும் வரும். இத்தனை வருடமாக எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் தப்பைச் சொன்ன பிள்ளையை நான் அதட்டியது இதுதான் முதல் தடவை. என் கால் கனத்துப்போனது அங்கேதான் தெரிந்தது.

பிள்ளைகள் போன பிறகு, உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்து, "போதுங்க" என்றாள். இரண்டு வருடமாகச் சொல்கிறாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

அலிக்கும் சொல்ல ஆள் இருந்தது. அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ 1977-லேயே நிறுத்தச் சொன்னார். கேட்கவில்லை என்றதும் விலகிக்கொண்டார். ஹோம்ஸ் சண்டையில் பத்தாவது ரவுண்டு முடிந்ததும், பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். அப்போதும் மூலையிலிருந்த பண்டினி பிரவுன், இன்னும் ஒரு ரவுண்டு என்று கெஞ்சினார். அவரும் அலிமேல் உயிரையே வைத்திருந்தவர்தான்.

"சார், என் பொண்ணுக்கு மட்டும் இந்த ஒரு வருஷம்" என்று நீங்கள் கேட்கும்போது எனக்குப் பண்டினி ஞாபகம் வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்புதான். ஆனால் அன்புள்ளவர்கள்தான் இன்னொரு ரவுண்டு கேட்பார்கள்.

2022-இல் நம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் இந்தியாவின் முதல் நிலை வீரர் விஸ்வநாதன் ஆனந்த்தான், வயது 52. ஆனால் அவர் ஆடவில்லை. பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். குகேஷ், பிரக்ஞானந்தா இருந்த அணி வெண்கலம் வாங்கியது. குகேஷ் 2024-இல் உலக சாம்பியன். ஆனந்த் இன்றும் ஆங்காங்கே ஆடுகிறார். செஸ்ஸில் மூக்கு உடையாது என்பது வேறு விஷயம். ஆனாலும் பலகையை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்வது லேசான வேலையில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஆகவே, இந்த வருடப் பிள்ளைகளைப் பரீட்சை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பலகையில் எழுதப் போவது உங்களில் ஒருவன்தான். இப்போது அவனே கணக்கு ஆசிரியர். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஜூனுக்குப் பிறகு புதிய சேர்க்கை கிடையாது. சந்தேகம் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் திண்ணை இருக்கிறது, காபியும் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் மறுநாளே எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பேனாவையும் கொடுத்தேன். "பரவால்ல சார்" என்று சிரித்தாள். அந்தப் பேனாவிலேயே பரீட்சை எழுதப் போகிறாளாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்