அக்கரையும் ஊர்தான்

காலை ஆறரை மணி. பினாங்கில் அந்நேரம் இன்னும் இருட்டுதான். ஏழு தாண்டினால்தான் வெளுக்கும். பட்டர்வொர்த் நிலையத்தில் சுங்கை பட்டாணிப் பக்கமிருந்து வந்த கொமுட்டர் ரயில் கதவு திறக்கிறது. இறங்கும் கூட்டத்தில் யாரும் ஓடவில்லை. எந்தப் படியில் எத்தனை நொடி ஆகும் என்று கால்களுக்கே தெரிந்த நடை. பினாங்கு சென்ட்ரல் கட்டடத்தைக் கடந்து பெர்ரி முனையம் நோக்கிப் போகிறார்கள்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தனி வரிசை. எல்லோரும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், ஓட்டும்போது காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க. ஒருவரின் ஜாக்கெட் விலகிய இடத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்குகிறது. இன்னொருவரின் கைப்பிடியில் நாசி லெமாக் பொட்டலம். ஈரம் கசிந்து பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடைப்பயணிகள் நுழைவில் டச் அண்ட் கோ அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகின்றன. தலைக்கு இரண்டு வெள்ளி. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவர், பஞ்சாபி சூட், தோளில் துணிப்பை. பின்னால் வந்த இளைஞன் கேட்கிறான்: "ஆன்ட்டி, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டீங்க?"

"வெள்ளிக்கிழமைப்பா. மாலை நிறைய கட்டணும்."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே இருக்கைகளில் உட்கார்ந்ததும் இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். 2020 கடைசியில் பழைய இரண்டடுக்குப் பெர்ரிகள் ஓய்வுபெற்றன. 2023 ஆகஸ்டில் இந்தப் புதிய நான்கும் வந்தன. கார்களை இவை ஏற்றுவதில்லை. மேல்தட்டில் நின்று காற்று வாங்கிய காலம் போய், குளிரூட்டிய அறையில் பத்துப் பதினைந்து நிமிடத் தூக்கம் வந்திருக்கிறது. சன்னலுக்கு வெளியே கொம்தார் கோபுரத்தின் விளக்குகள் மெல்ல நெருங்குகின்றன.

பெர்ரி மோதி நிற்கும் இக்கரைதான் 'ஜார்ஜ்டவுன்' என்று உலகம் அறிந்த ஊர். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழைய நகரம். வேல்டு கீ சாலையைத் தாண்டினால் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை தொடங்குகிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. ஒரு கடைவாசலில் அந்த அம்மாள் பையை இறக்கி, முக்காலியை இழுத்து, மல்லிகைக் குவியலுக்கு முன் உட்கார்ந்துவிட்டார். நார் விரலில் சுற்றி இறுகும் வேகத்தைக் கண் பின்தொடர முடியவில்லை. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அவரிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 1833இல் எழுந்த கோயில்.

இந்தத் தெருவில் நெடுநேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். கடை திறப்பவர், ரொட்டி சானாய் தட்டுபவர், துணிக்கட்டு சுமப்பவர் என்று இங்கே உழைப்பவர்களில் பலர் இங்கே உறங்குவதில்லை. ஒருகாலத்தில் மாடியில் குடும்பமும் கீழே கடையுமாக இருந்த வீடுகள் இவை. 1966இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, கொடுத்த அவகாசம் 1999 இறுதியோடு முடிந்தது. குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். சிலர் ஆயர் ஈத்தாம், கெலுகோர் அடுக்குமாடிகளுக்கு. சிலர் கடல் தாண்டி. அவர்கள் விட்டுப்போன மாடிகளில் இப்போது தங்கும் விடுதிகள். நகரத்தின் மையம் அழகானது, உண்மை. அந்த அழகைத் தினமும் கூட்டிப் பெருக்கித் திறந்து வைப்பவர்கள் அக்கரையிலிருந்து வருகிறார்கள் என்பதும் உண்மை.

2020 கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். தீவில் 794,313 பேர். எதிர்க்கரையான செபராங் பிறையில் 946,092 பேர். தீவைவிட அக்கரை பெரிது! 1957 ஜனவரி 1 அன்று மாநகரானபோது ஜார்ஜ்டவுன் என்பது தீவின் ஒரு மூலை மட்டுமே. 1976இல் தீவு முழுவதும் ஒரே நகராண்மையானது. 2015இல் தீவே மாநகரம். செபராங் பிறை 2019இல் தனி மாநகரமாக அறிவிக்கப்பட்டது. ஆக, மூன்று கிலோமீட்டர் நீருக்கு இருபுறமும் இரண்டு மாநகராண்மைகள், இரண்டு மேயர்கள். ஊர் அங்கேயும் நிற்கவில்லை. வடக்கே சுங்கை பட்டாணி, கிழக்கே கூலிம், இவை கெடா மாநிலம். தெற்கே கிரியான், அது பேராக். எல்லாம் சேர்ந்த பெரும் பினாங்கில் ஏறத்தாழ 28 லட்சம் பேர்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நினைவுக்கு வருகிறது. 1876இல் அந்த நகரம் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்திலிருந்து தானே பிரிந்துகொண்டது. எல்லை அன்றோடு உறைந்தது. 1950இல் அங்கே 856,796 பேர், 2020இல் 301,578. எல்லைக்குள் மட்டும் பார்ப்பவர் அழியும் ஊர் என்பார். ஆனால் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாய் மாநிலம்வரை பரவிய அதன் பெருநகரப் பகுதியில் 28 லட்சம் பேர். அதே நாட்டின் ஜாக்சன்வில் நகரம் இதற்கு நேர் எதிர். 1968இல் மாவட்டத்தையே தனக்குள் இழுத்துக்கொண்டதால் 2020இல் நகர எல்லைக்குள்ளேயே ஒன்பதரை லட்சம் பேர். பெருநகரப் பகுதியோ செயின்ட் லூயிஸைவிட மிகச் சிறியது. நம் நாட்டில் ஈப்போவைப் பாருங்கள். மாநகர எல்லை 643 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுவதையும் அளந்தாலும் அதில் பாதி வராது. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஊர் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது. பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்பதைவிட, காலையில் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பார்ப்பதே சரியான அளவு.

அதைப் பார்க்கத் தோதான இடம் பாயான் லெப்பாஸ். 1972இல் இங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்றித் தவித்த ஊருக்கு முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் கிடைத்த மறுவாழ்வு அது. ஷிப்டு மாறும் நேரத்தில் தொழிற்சாலைகளின் வாகன நிறுத்துமிடத்தில் எண்பலகைகளை மட்டும் கவனியுங்கள். 'பி' என்றால் பினாங்கு. 'கே' கெடா. 'ஏ' பேராக். ஒரே வரிசையில் மூன்றும் கலந்து நிற்கும். பெக்டரி பஸ்ஸின் படியில் இறங்கும் பெண்களில் ஒருத்தி கூலிம், ஒருத்தி நிபோங் திபால், ஒருத்தி பாரிட் புந்தார். பேட்டை வேறு, வேலை ஒன்று.

எதிர்த்திசையிலும் கூட்டம் உண்டு. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது முதல் தீவுப் பொறியாளர்கள் காலையில் அந்தப் பக்கம் போகிறார்கள். 13.5 கிலோமீட்டர் நீளமான முதல் பாலம் 1985இல் திறந்தது. 24 கிலோமீட்டர் நீளமான இரண்டாவது பாலம் 2014இல் பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைத்தது. கார்களுக்கு டோல் தீவுக்கு வரும்போது மட்டும். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை. அந்த ஒரு முடிவு பெக்டரித் தொழிலாளியின் மாதச் செலவில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் வீட்டில் கேட்க வேண்டும்.

தமிழர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற அக்கரையின் கரையோரப் பட்டையில்தான் கரும்பும் பின்னர் ரப்பரும் வளர்ந்தன. நம் முன்னோர் கூலிகளாக இறங்கி நடந்த மண் அது. தோட்டங்கள் பல வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. பேரப்பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அக்கரையில்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் காவடிகளோ இக்கரையில். பிள்ளை படிப்பது அங்கே, நேர்த்திக்கடன் இங்கே.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. தீவு குடிக்கும் நீரின் பெரும்பகுதி கெடா எல்லையை ஒட்டி ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பெருநிலத்தின் சுங்கை டுவா நிலையத்தில் சுத்தமாகி, கடலடிக் குழாயில் வருகிறது. 2024 ஜனவரியில் அந்த நிலையத்தில் வால்வு மாற்றியபோது தீவின் வீடுகளில் வாளிகள் வரிசை கட்டின. அந்த ஆற்று நீருக்குக் கட்டணம் வேண்டும் என்று கெடா பல ஆண்டுகளாகக் கேட்கிறது. தரத் தேவையில்லை என்று பினாங்கு மறுக்கிறது. மாநில எல்லை ஆற்றைத் தடுக்கவில்லை. பேச்சைத்தான் தடுக்கிறது.

2025 ஜனவரியில் எல்ஆர்டி முத்தியாரா ரயில் தடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தீவிலிருந்து கடல் தாண்டி பினாங்கு சென்ட்ரல்வரை வரும் திட்டம். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் தடம் பட்டர்வொர்த்தோடு முடிகிறது. காலை ரயிலில் வருபவரின் பயணம் அங்கே தொடங்கவில்லை. கூலிமிலிருந்து வருபவருக்கோ ரயில் நிலையமே கிடையாது. தீவையும் செபராங் பிறையையும் கெடாவின் தென்பகுதியையும் கிரியானையும் ஒரே வரைபடத்தில் வைத்து, பேருந்து, ரயில், பெர்ரி மூன்றுக்கும் ஒரே நேர அட்டவணை, ஒரே மாத அட்டை, தண்ணீருக்கு ஒரே பேச்சுவார்த்தை மேசை என்று இரு மாநகராண்மைகளும் மூன்று மாநில அரசுகளும் கூடி முடிவெடுக்க வேண்டும். எல்ஆர்டி ஓடத் தொடங்கும் முன்பே அதைச் செய்யுங்கள்.