அழுக்குப் பசு

‘டர்ட்டி கவ்’ என்ற பெயரைச் சொன்னதும் நம் மன்ற நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அழுக்குப் பசுவுக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று வினவினார், வரலாறு பயிலும் நண்பர் ஒருவர். உறவு உண்டு. ‘காப்பி ஆன் ரைட்’ என்னும் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ஆங்கிலத்தில் பசு வந்து நிற்கும். பெயர் வேடிக்கையானது, வினை வேடிக்கையானதன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குள், 2007-இல் வெளிவந்த 2.6.22 பதிப்பு முதல் 2016 வரை, ஒன்பதாண்டுகள் இப்பசு மேய்ந்துகொண்டிருந்தது.

ஒரு நூலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். படிக்கலாம், எழுதக் கூடாது என்று முத்திரையிட்ட நூலொன்று அங்கே இருக்கிறது. அதில் குறிப்பு எழுத வேண்டும் என்கிறீர்கள். பணியாளர் நல்லவர். மூலநூலைத் தொடவிடாமல், அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து மேசைமேல் வைக்கிறார். நகல்தான் கொடுத்தாயிற்றே என்று, தம் கைச்சீட்டிலிருந்து ‘எழுத’ என்ற சொல்லை அடித்துவிடுகிறார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உங்கள் கூட்டாளி நகலைக் குப்பையில் போட்டுவிடுகிறான். மேசை வெறுமையாய்க் கிடக்கிறது. சீட்டைப் பார்க்கிறார், ‘எழுத’ என்ற சொல் அதில் இல்லை. வெறுமனே படிப்பவருக்கு மூலநூலையே தரலாமன்றோ? கொண்டுவந்து வைக்கிறார். உங்கள் பேனாவோ முன்பே திறந்திருக்கிறது!

கெர்னலில் நடந்ததும் இதுவே. ஒரே நிரலின் இரண்டு இழைகளில் ஒன்று எழுதிக்கொண்டே இருக்கும். மற்றொன்று ‘எம்அட்வைஸ்’ என்னும் அழைப்பால் நகலை எறிந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையே ஓட்டப் பந்தயம். அதனால்தான் இவ்வகைப் பிழைக்கு ‘ரேஸ் கண்டிஷன்’ என்று பெயர். ஆயிரம் முறை தவறினாலும் ஒரு முறை நேரம் பொருந்தினால் போதும். பயனர் பட்டியல் கோப்பில் ஒரு வரி மாறும். நேற்றுவரை சாதாரணப் பயனராக இருந்தவர் ‘ரூட்’ என்னும் முழு அதிகாரியாகிவிடுவார்.

எங்கள் துறையில் ஒதுக்கிவைத்திருந்த பழைய பொறியொன்றில், பொறுப்பாளரின் இசைவோடு, வலைத்தொடர்பை அறுத்துவிட்டு இதைச் செய்து பார்த்தோம். திருநெல்வேலிக்காரரான மூத்த ஆய்வு மாணவர் ஒருவர் உடனிருந்தார். ரூட்டுக்கு உரிய, பிறர் படிக்க மட்டுமே கூடிய கோப்பொன்றை அமைத்துவிட்டு நிரலை ஓட்டினேன். கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் கோப்பின் சொற்கள் மாறியிருந்தன.

“தம்பி, இன்னொரு தடவை ஓட்டு” என்றார் அண்ணன். மறுபடியும் மாறின.

களிப்பு வரவில்லை. அந்தப் பொறி பணியிலிருந்த நாளில் எத்தனையோ பேர் தம் ஆய்வேடுகளை அதில்தான் வைத்திருந்தார்கள். ஒருவர் எழுத்தில் மற்றவர் கை படாது என்று நம்பி வைத்திருந்தார்கள். அன்றிரவு விடுதியில் இதைச் சொன்னபோது, “இப்போதைய பொறியிலும் இப்படி ஒரு வழி இருந்தால் சொல்லடா, வட்டில் எனக்குக் கொஞ்சம் இடம் கூட்டிக்கொள்கிறேன்” என்றான் ஒருவன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதன் வரலாறும் சுவையானது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இலேயே இத்தகைய பிழையைத் திருத்த முயன்றார். எஸ்390 என்னும் பெருங்கணிப்பொறி வகையில் இடர் நேர்ந்ததால் அத்திருத்தம் நீக்கப்பட்டது. அன்று அது ஏட்டளவு ஆபத்தாகவே தோன்றிற்று. 2016 அக்டோபரில் மீண்டும் திருத்தியபோது, பதினோராண்டுக்கு முன் தாம் செய்தது செம்மையாக இல்லை என்று திருத்தக் குறிப்பிலேயே அவர் எழுதிவைத்தார். எனக்கு அந்த ஒரு வரி பிடித்திருக்கிறது. புதிய திருத்தமும் எளியது: சீட்டில் ‘எழுத’ என்பதை அடிக்காமல், ‘நகல் கொடுத்தாயிற்று’ என்று தனிக்குறி இடுவது. அதுவும் பெரும்பக்கங்களைக் கையாளும் இடத்தில் குறைபட்டது என்று 2017-இல் தெரியவந்தது.

பிழையை வெளிக்கொணர்ந்தவர் ஃபில் ஓஸ்டர். தம் சேவையகத்துக்கு வந்ததையெல்லாம் பதிவுசெய்து வைத்திருந்தமையால், தாக்கியவர் ஏற்றிய நிரலை அதிலிருந்து மீட்டெடுத்தார். அப்படியானால் நமக்கு முன்பே அதை அறிந்து பயன்படுத்தியவர் இருந்திருக்கிறார்!

சேவையகங்களைத் திருத்துவதற்குப் பொறுப்பாளர் இருப்பார். கைப்பேசிகளுக்கு யார் இருக்கிறார்? ஆண்ட்ராய்டின் அடியிலும் லினக்ஸ் கெர்னல்தான். திருத்தம் வந்து ஓராண்டு நெருங்கிய பின்னும், 2017 செப்டம்பரில், இதே ஓட்டையைப் பயன்படுத்தும் தீநிரலொன்றை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்தியது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். கைப்பேசியின் அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத் தேதி என்று ஒரு வரி இருக்கும். என் அறைத்தோழன் ஊரிலுள்ள தங்கைக்கு அனுப்ப எடுத்துவைத்திருந்த பழைய கைப்பேசியில் அதைத் திறந்து பார்த்தோம். 2016 ஆகஸ்டு என்றிருந்தது. அவன் அதை அனுப்பவில்லை.